பதில் இல்லையேல் ஒப்புதல்

2021 செப்டம்பர் 6, திங்கள்

இன்றும் பூசணிக்காய். ராணுவத்தினர் கீழே வைத்துவிட்டுப் போன பையில் ஒரு பூசணி, ஒரு முட்டைக்கோஸ், பத்து முட்டை. பூசணியில் கூட்டு, பூசணியில் சாம்பார், பூசணியில் அல்வா எல்லாம் ஆகிவிட்டது. ஊரடங்கின் எத்தனையாவது வாரம் என்று எண்ணுவதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. சைகோனின் தூ டுக் பகுதியில் இந்தப் பதினான்காவது மாடியிலிருந்து பார்த்தால் மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே ஒரு மோட்டார்பைக் கிடையாது.

மதியம் கியெமிடமிருந்து மின்னஞ்சல். மின்திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் எங்கள் நிறுவனத்தின் தலைவர். ஹனோயில் அமைச்சக வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். நவம்பரில் கிளாஸ்கோவில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு. வியட்நாம் தூதுக்குழுவோடு மின்துறைக் கணக்குத் தெரிந்த ஒருவரை ஆலோசகராக அனுப்ப, ஐரோப்பிய நிதியில் எங்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். “ஜிசேலை முன்மொழிகிறேன். உங்கள் கருத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்பவும்.”

ஜிசேலையா!

ஆறு வருடமாகத் தென்பகுதி மின்கட்டமைப்புக் கணக்கைப் போடுவது யார்? எந்த மாகாணத்தில் எந்த மின்நிலையம் வந்தால் எந்தக் கம்பி தாங்கும், எது தாங்காது, நிலக்கரியைக் குறைத்தால் எங்கே விளக்கு அணையும் என்று உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனது யாருக்கு? அவள் என்ன செய்கிறாள்? நான் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போய் பிரெஞ்சில் பேசுகிறாள், வியட்நாமிய மொழியில் பேசுகிறாள், ஆங்கிலத்தில் பேசுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அவ்வளவுதான் அவள் வேலை.

என் வீட்டுக்காரர் தேனப்பன் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டார். “அழகு, நானும் போறேன்னு நீ ஒரு வரி எழுதிப் போட வேண்டியதுதானே?”

நானாகவா? நான் போய்க் கேட்க வேண்டுமா? கியெமுக்கே தெரிய வேண்டாமா?

செப்டம்பர் 8

ஜிசேல் தொலைபேசியில் அழைத்தாள். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் நாற்பத்துமூன்று வயது, ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் அப்பா அகுஸ்தேன் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். 1975இல் போர் முடிந்த பிறகு வியட்நாமிய மனைவியோடு காரைக்காலுக்குத் திரும்பினார். அங்கே பிறந்தவள் இவள். அப்பாவிடமிருந்து பிரெஞ்சு, அம்மாவிடமிருந்து வியட்நாமிய மொழி. எனக்கு அப்பச்சியிடமிருந்து வந்தது இந்த மூக்கு மட்டும்.

“ஆச்சி, கியெம் மெயிலு பாத்தியா? என்னாடி இது, என்னயப் போயி போட்டுருக்காரு?” என்றாள். செட்டிநாட்டுக்காரி என்பதால் என்னை ஆச்சி என்று கூப்பிடுவது அவளுக்கு எட்டு வருட விளையாட்டு.

“நல்லதுதானே” என்றேன்.

“நீ எழுதிட்டியா?”

“பார்க்கணும்” என்று சொல்லி, பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் வாங்கி நான்கு நாளாகிறது.

செப்டம்பர் 10, வெள்ளி

மணி ஐந்து அடித்தது. நான் எழுதவில்லை.

எழுதாமல் இருந்ததில் ஒரு கம்பீரம் இருக்கிறது. நாளை கியெம் கடிதங்களை எடுத்துப் பார்ப்பார். எல்லாருடையதும் இருக்கும், அழகம்மையுடையது இருக்காது. ஏன் இவள் எழுதவில்லை என்று யோசிப்பார். உறைக்கட்டும்.

செப்டம்பர் 13

உறைக்கவில்லை.

“பெரும்பான்மை ஒப்புதலின்படி ஜிசேல் தேர்வு செய்யப்படுகிறார். பதில் அனுப்பாதவர்கள் ஒப்புக்கொண்டவர்களாகக் கொள்ளப்பட்டனர்.” இதுதான் வந்த அஞ்சல். பதில் அனுப்பாதவர்களில் முதல் பெயர் என்னுடையது.

தேனப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல மொளகு வித்துக்கிட்டிருக்கேன். இங்க காயிதத்துக்குப் பதில் போடலைன்னா சரின்னு அர்த்தம். தெரியாதா ஒனக்கு?”

“நான் கோவமா இருக்கேன்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?”

“நீ கோவமா இருக்கியா கொழுக்கட்டை திங்கிறியான்னு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லணும்.”

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இது தெரியும். மின்திட்ட வரைவு ஒவ்வொரு முறை வரும்போதும் அமைச்சகம் எல்லா மாகாணங்களுக்கும் கடிதம் போடும்: இத்தனை தேதிக்குள் கருத்து எழுதவும். எழுதாத மாகாணத்துக்கு நேராக என் பட்டியலில் “ஒப்புதல்” என்று தட்டுவது என் கைதான். ஆறு வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு ஒரு விதி, அழகம்மைக்கு ஒரு விதி என்று எப்படி நினைத்தேனோ!

செப்டம்பர் 14

எரியுது. வேற என்ன எழுத.

செப்டம்பர் 21

புதிய வரைவு வந்திருக்கிறது. மார்ச் மாத வரைவைவிட இதில் நிலக்கரி கூடுதல். கிளாஸ்கோவுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. உலகமே நிலக்கரியைக் கைவிடு என்று கத்துகிறது. இங்கே கூட்டி வைத்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. ஒரே கட்சி ஆளும் நாடு, மேலே ஒருவர் சொன்னால் கீழே எல்லாரும் தலையாட்டுவார்கள் என்று நினைப்பு. அப்படியானால் எனக்கு வேலையே இருக்காதே! சுரங்கம் இருக்கிற மாகாணத்துக்குச் சுரங்கம் ஓட வேண்டும். தொழிற்சாலை இருக்கிற மாகாணத்துக்கு மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் சரி, வெட்டு மட்டும் கூடாது. இறால் பண்ணை வைத்திருக்கிற கடலோர மாகாணத்துக்குச் சாம்பலும் வேண்டாம், சுடுநீரும் வேண்டாம். ஓர் அமைச்சகத்துக்குச் சூரிய ஒளி பிடிக்கும், இன்னொன்றுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கடன் கொடுக்கிற நாடுகள் ஒவ்வொன்றாகக் கை விரிக்கின்றன. இத்தனை இழுபறியில் எந்தப் பக்கம் கயிறு ஒரு சாண் நகர்கிறதோ, அதுதான் கடைசியில் கிளாஸ்கோ மேடையில் நாட்டின் நிலைப்பாடு என்று வாசிக்கப்படும்.

இதை அங்கே யாராவது ஒருவர் உட்கார்ந்து விளக்க முடியும் என்றால் அது நான். ஜிசேல் அல்ல.

அக்டோபர் 1, வெள்ளி

கதவைத் திறந்துவிட்டார்கள்! தடுப்புக் கம்பிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சாலையில் மோட்டார்பைக் சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. தேனப்பன் சோலோனில் இருக்கிற கிடங்கைப் பார்க்கப் போனார். மிளகு மூட்டை பூசணம் பிடித்திருக்குமோ என்று அவருக்குக் கவலை. நான் முக்குக் கடையில் ஹூ தியூ நூடுல்ஸ் வாங்கினேன். கடையில் உட்கார விடவில்லை, பொட்டலம்தான். வழியிலேயே நின்று தின்றேன்.

ஒரு நாள் முழுக்க ஜிசேலை நினைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

அக்டோபர் 6

அலுவலகம். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு. ஜிசேல் ஒரு கோட்டு வாங்கியிருக்கிறாள். முழங்கால் வரைக்கும், சாம்பல் நிறம், உள்ளே பட்டு. முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, “ஆச்சி, ஒரு போட்டோ புடியேன், அம்மாவுக்கு அனுப்பணும்” என்றாள். பிடித்தேன். நான்கு பிடித்தேன். நான்கிலும் நன்றாக இருந்தாள்.

எனக்கு அந்தக் கோட்டு தோளில் நிற்காது. அதுவும் தெரியும்.

சாப்பிடும்போது, “அங்க யாரு என்னா கேப்பாங்களோன்னு பயமா இருக்குடி. நீ டெய்லி போன எடுப்பல்ல?” என்று கேட்டாள். எடுப்பேன் என்றேன். ஒப்புக்குச் சிரித்தேன். என் கணக்கை நான் சொல்லச் சொல்ல அவள் அங்கே ஒப்பிப்பாள். கைதட்டு அவளுக்கு.

அக்டோபர் 12, செவ்வாய்

சி லியென் அழைத்தார். சி என்றால் அக்கா. கடலோர மாகாணத்தின் தொழில்துறை அலுவலகத்தில் இருக்கிறவர், என்னிடம் மூன்று வருடப் பழக்கம். அவர் மாகாணத்தில்தான் ஆயிரத்து இருநூறு மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று வரைவில் இருக்கிறது. செப்டம்பரில் கருத்துக் கேட்டபோது அந்த மாகாணம் பதில் அனுப்பவில்லை. ஆகவே, என் பட்டியலில் “ஒப்புதல்”.

“அது ஒப்புதல் இல்லை, தங்கச்சி” என்றார். வியட்நாமிய மொழியில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மாகாணக் கட்சிக்குப் புதிய செயலாளர் வந்திருக்கிறார். பதவிக்கு வந்ததும் தலைநகருக்கு எழுதும் முதல் கடிதமே “வேண்டாம்” என்று இருக்கக் கூடாது என்று நினைத்தாராம். அதனால் எழுதவே இல்லை. ஆனால் உள்ளூர்க் கூட்டத்தில் முடிவாகிவிட்டது: நிலக்கரி வேண்டாம்.

“அப்படியானால் இப்போதாவது எழுதி அனுப்புங்களேன்” என்றேன்.

“எழுத இன்னும் காலம் வரவில்லை. உங்களில் ஒருவர் கிளாஸ்கோ போகிறாராமே, அவரிடம் சொல்லிவிடு. வெளிநாட்டுக்காரர்கள் கேட்டால், எல்லா மாகாணமும் சம்மதம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அங்கே ஒரு தடவை சொல்லிவிட்டால் அது நாட்டின் வார்த்தையாகிவிடும். பிறகு நாங்கள் வாய் திறக்க முடியாது.”

சொல்கிறேன் என்றேன்.

ஜிசேல் இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தாள். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரோடு தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்தாள். அப்புறம் கியெம் அவளைக் கூப்பிட்டு, வாசல்வரை தோளில் தட்டிக்கொண்டே போனார்.

நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 13

சொல்லவில்லை.

அக்டோபர் 15

இன்றும் இல்லை. கேட்டால்தானே சொல்வதற்கு! எல்லாம் தெரிந்தவள் போலத்தானே நடக்கிறாள்?

அக்டோபர் 17, ஞாயிறு

த்ருவோங் டின் தெருவுக்குப் போனோம். மாரியம்மன் கோயிலில் ஒரு நேரத்தில் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் பின்சுவர்க் கல்லில் நெற்றியை வைத்து, வேண்டுதலை அம்மன் காதில் சொல்வதுபோல் கிசுகிசுப்பார்கள். நானும் போய் நெற்றியை வைத்தேன்.

என்ன வேண்டினேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். அவளுக்கு விசா வரக் கூடாது என்று வேண்டினேன். முகக்கவசத்துக்குள் சொன்னதால் யாருக்கும் கேட்டிருக்காது.

அக்டோபர் 20

விசா வந்துவிட்டது. அலுவலகத்துக்கே கேக் வாங்கிக் கொடுத்தாள்.

அக்டோபர் 22, வெள்ளி

இதை முழுக்க எழுதிவிட வேண்டும்.

காலையில் ஜிசேல் பட்டியலை அனுப்பினாள். கிளாஸ்கோவில் கையில் வைத்துப் பேசப்போகும் கடைசிப் பட்டியல். தெற்கில் வரவிருக்கும் நிலக்கரி நிலையங்கள், அவற்றுக்கு மாகாணங்களின் நிலை. “ஆச்சி, ஒரு வாட்டி பாத்துடு. ஏதாச்சும் தப்புன்னா அஞ்சு மணிக்குள்ள சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு எடுத்துக்குறேன்.”

ஏழாவது வரி. கடலோர மாகாணம், ஆயிரத்து இருநூறு மெகாவாட், ஒப்புதல்.

பார்த்தேன். ஏழாவது வரியைப் பார்த்தேன். மதியம் சாப்பிட்டேன். மறுபடியும் பார்த்தேன். மூன்று மணிக்குத் தேநீர். நான்கு மணிக்கு வேறு வேலை இருப்பதுபோல் கணினியில் எதையோ திறந்து வைத்துக்கொண்டேன். ஐந்து அடித்தது.

செப்டம்பரில் பேசாமல் இருந்தது ரோஷத்தில். அதற்கு என்ன அர்த்தம் என்று மறந்து போயிருந்தேன். இன்று பேசாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே யார் இதைக் கேட்கப் போகிறார்கள்? நூறு வரியில் ஒரு வரி. யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் 28

விமானம் ஏறிவிட்டாள். தோஹாவிலிருந்து படம் அனுப்பினாள், கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினேன்.

நவம்பர் 2, செவ்வாய்

காலையில் பல் துலக்கிக்கொண்டே செய்தியைப் பார்த்தேன். 2050க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று பிரதமர் கிளாஸ்கோவில் அறிவித்துவிட்டார். வாயிலிருந்த நுரையோடு அப்படியே நின்றேன். எங்கள் வரைவில் நிலக்கரியைக் கூட்டி ஆறு வாரம்தான் ஆகிறது!

தேனப்பன் சொன்னார்: “நம்ம நாடு ரெண்டாயிரத்து எழுவதுங்குது, இவுக அம்பதுங்குறாக. யாரு சொன்னாக இவுகளுக்கு?”

யார் சொன்னார்கள்? நிலக்கரிக்குக் கடன் கொடுக்க ஆளில்லை; சட்டையும் செருப்பும் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் சுத்தமான மின்சாரம் இருந்தால்தான் தொழிற்சாலை என்கின்றன; டெல்டாவில் உப்புநீர் வயலுக்குள் ஏறுகிறது. நிலக்கரிக்கு வேண்டியவர்களின் கை ஒரு மாதத்தில் தாழ்ந்துபோனது. கயிறு நகர்ந்துவிட்டது. நான் இங்கே தூ டுக்கில் வாயில் நுரையோடு நிற்கிறேன், அவள் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள். நான் இருக்க வேண்டிய இடம். என் வாழ்நாளில் இந்த வேலையில் இப்படி ஒரு நாள் இன்னொன்று வருமா?

வயிறு எரியுதுன்னு சும்மா சொல்லுவாங்கன்னு நெனச்சேன். நிஜமாவே எரியுது. மோர் குடிச்சும் அடங்கல.

நவம்பர் 5, வெள்ளி

மாலை நாலரைக்கு ஜிசேல் அழைத்தாள். அங்கே காலை.

கடன் தரும் நாடுகளோடு சின்ன அறையில் கூட்டமாம். எந்தெந்த நிலக்கரி நிலையங்களைக் கைவிட முடியும் என்று கேட்டிருக்கிறார்கள். தூதுக்குழுவில் மூத்தவர் இவள் பக்கம் திரும்ப, இவள் பட்டியலைப் பார்த்து, “தெற்கில் இருப்பவை எல்லாம் மாகாணங்கள் ஒப்புக்கொண்டவை, கைவிடுவது கடினம்” என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்த பெண்மணி தன் தொலைபேசியில் ஒரு வியட்நாமிய நாளிதழைக் காட்டினாராம். இரண்டு நாள் முன்பு வந்தது. பூஜ்யம் அறிவித்த மறுநாளே அந்தக் கடலோர மாகாணத்தின் செயலாளர் துணிந்துவிட்டார்: எங்களுக்கு நிலக்கரி வேண்டாம். உங்கள் நாட்டுப் பத்திரிகை உங்கள் பட்டியலுக்கு எதிராக இருக்கிறதே, எதை நம்புவது என்று அந்தப் பெண்மணி கேட்டாராம்.

“பெரியவரு என்னயத் திரும்பிக்கூடப் பாக்கலடி. நீங்க வெளிய இருங்கன்னாரு. அம்புட்டுதான். காரிடார்ல நின்னுட்டிருக்கேன் நேத்துலேர்ந்து.” மூக்கை உறிஞ்சினாள். “ஆச்சி, லியென் ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா முன்னாடியே?”

“இல்லையே” என்றேன்.

ஒரு சொல். யோசிக்கக்கூட இல்லை. தயாராக நாக்கு நுனியில் இருந்தது.

நவம்பர் 6

அவள் அழ வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. தடுமாற வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சமாக. அழகம்மை இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள் என்று அங்கே யாராவது நினைக்கிற அளவுக்கு.

அங்கே யாருக்கு அழகம்மையைத் தெரியும்?

நவம்பர் 9

கியெம் ஒரு வேலை கொடுத்தார். அந்த இடத்துக்கு நிதி கொடுத்த ஐரோப்பியர்கள் தேர்வு முறை பற்றிய ஆவணங்களைக் கேட்கிறார்கள். செப்டம்பர் கருத்துக் கடிதங்களைக் கோப்பாக்கித் தர வேண்டும். ஜிசேல் இல்லாததால் நான்.

மொத்தம் ஐந்து பேரிடம் கேட்டிருக்கிறார். நான்கு பேர் எழுதவில்லை, நான்கு ஒப்புதல். எழுதியது ஒருவர். எட்டாம் தேதி இரவே எழுதியிருக்கிறாள், நான் பால் பொங்குகிறது என்று வைத்த அன்று.

“நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழகம்மை போக வேண்டும். கணக்கு அவருடையது. என்னிடம் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் நான் பட்டியலைத்தான் வாசிப்பேன். அவர் காரணத்தைச் சொல்வார். மொழி போதவில்லை என்றால் நான் இங்கிருந்து உதவுகிறேன். — ஜிசேல்”

அச்சிட்டேன். துளை போட்டேன். கோப்பில் வைத்தேன்.

என் மனம் போகிற போக்கைப் பார்! முதலில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. இதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்றுதான் வந்தது. என் பெயரைச் சொல்லும் துணிச்சல்கூட எனக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. பெரிய மனசுக்காரி என்ற பேரும் அவளுக்கேதானா?

வெட்கம் அப்புறம் வந்தது. கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 15, திங்கள்

ஜிசேல் நேற்று வந்திறங்கிவிட்டாள். ஒரு வாரம் விடுதியில் தனிமைப்படுத்தல். அலுவலகத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. ஹனோயிலிருந்து யாரோ கியெமைத் திட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

மதியம் அஞ்சல். “கிளாஸ்கோவில் தவறான பட்டியல் அளிக்கப்பட்டதற்குப் பொறுப்பாக, ஜிசேலை மின்திட்டப் பணியிலிருந்து விலக்கவும், டிசம்பரில் முடியும் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடவும் முன்மொழிகிறேன். உங்கள் கருத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்பவும்.”

நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வெள்ளிக்கிழமை தானாக வரும், ஐந்து மணி தானாக அடிக்கும். அவள் போய்விடுவாள். அடுத்த மாநாட்டுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

நவம்பர் 17

எல்லாவற்றையும் தேனப்பனிடம் சொன்னேன். லியென் அழைத்தது, ஏழாவது வரி, “இல்லையே” என்றது, எல்லாம். மிளகு மாதிரியைச் சலித்துக்கொண்டிருந்தவர் சல்லடையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“எழுதிப்புட்டா ஒன் வேலைக்கு ஆபத்து” என்றார்.

“ஆமா.”

“எழுதலைன்னா?”

நான் பதில் சொல்லவில்லை. “பாத்தியா, மறுபடியும் பேசாம இருக்க” என்றார்.

நவம்பர் 18

ஜிசேலிடமிருந்து செய்தி: “ஹோட்டல்ல பூசணிக்கா சூப் தர்றாங்கடி. ஒன் ஞாபகம்தான்.” கியெமின் அஞ்சல் அவளுக்குப் போகவில்லை போலிருக்கிறது. தெரிந்தால் இப்படி எழுதுவாளா?

நவம்பர் 19, வெள்ளி

நாலே முக்காலுக்கு அனுப்பினேன். என் வியட்நாமியம் சுமார்தான். யாரிடமும் காட்டித் திருத்தவில்லை.

“நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடலோர மாகாணம் நிலக்கரியை மறுக்கிறது என்ற செய்தி அக்டோபர் 12 அன்று எனக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. ஜிசேலிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. நான் சொல்லவில்லை. அக்டோபர் 22 அன்று அவர் பட்டியலைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார். தவறு என்று தெரிந்தும் பதில் எழுதவில்லை. கிளாஸ்கோவுக்கு நான் அனுப்பப்படாததில் எனக்கு அவர்மேல் பொறாமை. — அழகம்மை”

கடைசி வரியை மூன்று தடவை அழித்தேன். அது இல்லாவிட்டால் மீதி எதுவும் யாருக்கும் புரியாது.

பிறகு அதையே தமிழில் ஜிசேலுக்கு அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று திரை காட்டுகிறது. பதில் இல்லை.

நவம்பர் 22

கியெம் அறைக்குள் கூப்பிட்டார். கத்தவில்லை. என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

“செப்டம்பரில் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே” என்றார். “இரண்டு பேர் உன் பெயரை எழுதியிருந்தால், அதில் ஒருத்தி நீயாகவே இருந்தாலும், உன்னைத்தான் அனுப்பியிருப்பேன். ஜிசேலின் கடிதத்தைப் பார்த்தேன். உன்னுடையதைத் தேடினேன், இல்லை. உனக்குப் போக விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.”

மின்திட்ட வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். இனிமேல் தொழிற்சாலைக் கூரைகளில் சூரியத் தகடு வைக்கிற கணக்கு. வேலை இருக்கிறது, அதுவே பெரிய விஷயம் என்று தேனப்பன் சொல்கிறார். ஜிசேலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது.

நவம்பர் 24

அவள் அலுவலகம் வந்தாள். நான் எழுந்து நின்றேன். “உங்க பழைய கோப்பெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டாள். காட்டினேன். எடுத்துக்கொண்டு, மேல்மாடியில் தனக்குக் கொடுத்த புது மேசைக்குப் போனாள்.

டிசம்பர் 8

தனியாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 9

தனியாக. புளியோதரை. முன்பெல்லாம் அவள் பாதி பிடுங்கித் தின்பாள். மிஞ்சிவிட்டது.

2022 ஜனவரி 19

மாகாணத்தின் கடிதம் வந்துவிட்டதாம், சிவப்பு முத்திரையோடு. நிலக்கரி வேண்டாம், காற்றாலை கொடுங்கள். இப்போது எழுதுவதற்குப் பயமில்லை. மேலேயே பூஜ்யம் என்று சொல்லிவிட்டார்களே! வரைவை முழுக்க மாற்றுகிறார்கள். ஆயிரத்து இருநூறு மெகாவாட்டை எடுத்தால் கிழக்குப் பக்கக் கம்பி தாங்குமா என்று யாராவது என்னிடம் கேட்பார்கள் என்று இருந்தேன். கேட்கவில்லை. அவளே போட்டுவிட்டாள். சரியாகப் போட்டிருக்கிறாள் என்று கேள்வி.

எரிந்தது. முன்னளவு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதே அளவுதான்.

2022 செப்டம்பர் 14, புதன்

காலையில் கைபேசியில் சி லியென். பதினொரு மாதத்துக்குப் பிறகு. அவர்கள் மாகாணத்துக்குக் காற்றாலைக்கு முதல் அனுமதி வந்திருக்கிறது. அதைவிட, நவம்பரில் எகிப்தில் நடக்கும் மாநாட்டில் பேச மாகாணத்திலிருந்து ஒருவரையும் தூதுக்குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அவரைத்தான். “ஜிசேலோடு போகிறேனாம். அவர் எண் என்னிடம் இல்லை. அவரிடம் சொல்வாயா, தங்கச்சி?”

கேட்டதும் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க அவள் மேசை முன்னால் போய் நின்றேன். பத்து மாதமாக அந்த மாடிக்குப் போனதில்லை.

“லியென் போன் பண்ணாங்க. எகிப்துக்கு அவங்களும் வர்றாங்களாம். ஒங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆச்சு” என்றேன்.

ஜிசேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “பரவால்லையே! இந்த வாட்டி அன்னைக்கே சொல்லிப்புட்டியே” என்றாள்.

அவள் மேசையில் அழைப்புக் கடிதம் விரித்துக் கிடந்தது. அவள் பெயர், மாநாட்டின் பெயர், தேதி. கண்ணை எடுக்க முடியவில்லை. பார்க்காததுபோல் நடிக்கவும் வரவில்லை.

“எரியுதுடி எனக்கு” என்றேன்.

“தெரியும்” என்றாள். “உக்காரு.”